இயலாமையும் பொறுப்பும்: மதுவிலிருந்து மீள்வோர் கூடும் அவை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மனிதன் தன் செயல்களுக்குத் தானே பொறுப்பாளி என்பது அறவியலின் அடிப்படை எடுகோள்களுள் ஒன்றாகும். ஒருவனைப் புகழ்வதும் பழிப்பதும், அவனுக்குப் பரிசளிப்பதும் தண்டனை விதிப்பதும் இவ்வெடுகோளின் மீதே கட்டப்பட்டுள்ளன. செய்யவும் செய்யாது விடவும் வல்லவனையே நாம் பொறுப்பாளி என்கிறோம். வேறு வழியின்றிச் செய்தவனை நாம் பழிப்பதில்லை, அவனுக்காக இரங்குகிறோம். பழிக்கும் இரக்கத்துக்கும் இடையே இவ்வாறு வரையப்பட்ட எல்லைக்கோடு பெரும்பாலான வேளைகளில் எமக்குப் போதியதாகவே இருக்கிறது. ஆயின் எப்பக்கத்துக்கும் முழுமையாக உரியவராகாது, அக்கோட்டின் மீதே நிற்கும் ஒருவர் எல்லாச் சமுதாயங்களிலும் இருக்கிறார். அவரே மதுவுக்கு அடிமையானவர்.

காலையில் தம் பிள்ளையின் தலையிற் கைவைத்து இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்பவர் மாலையில் தவறணை வாயிலில் நிற்கிறார். காலையில் அவர் பொய் சொன்னார் என்று கூறுவதற்கில்லை; சத்தியம் செய்த வேளையில் அவர் அதனை மனமார நம்பினார். மாலையில் அவரை எவரும் கட்டி இழுத்துச் செல்லவுமில்லை. தம் கால்களாலேயே நடந்து சென்றார். அப்படியாயின் அவர் குடித்தது அவருடைய செயலா? அன்றி அவருக்கு நேர்ந்த ஒன்றா? செயலெனின் அவர் பழிக்குரியவர், நேர்ந்ததெனின் இரக்கத்துக்குரியவர். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் இவ்விரு விடைகளுக்குமிடையே நாள்தோறும் ஊசலாடுகின்றனர். இவ்வினா அவர்களுக்கு ஏட்டுச் சுரைக்காயன்று. மன்னிப்பதா விலகுவதா என்ற முடிவு இதிலேயே தங்கியிருக்கிறது.

இவ்வினாவோடு இன்னொன்றும் சேர்கிறது. மதுவிலிருந்து மீள விரும்புவோர் ஒருவரோடொருவர் கூடிப் பேசும் கூட்டங்கள் இன்று உலகின் பல பாகங்களிலும் நடைபெறுகின்றன. அவற்றுள் மிகப் பழையதும் பெரியதுமான அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் என்ற இயக்கம், தன் பன்னிரு படிகளுள் முதலாவதாக, மதுவின் முன் தாம் வலுவற்றவர் என்பதை ஒப்புக்கொள்ளுமாறு கேட்கிறது. தம் இயலாமையை ஒப்புக்கொள்பவர் தம் பொறுப்பைத் துறந்துவிடுகிறார் அல்லவா? ‘என்னால் இயலாது’ என்பது சோம்பேறியின் வாயிலும் வருகின்ற சொல்லன்றோ? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேலைத்தேய மெய்யியலில் இப்பிரச்சினையை ஊன்றி நோக்கியோருள் அரிஸ்ரோட்டில் முக்கியமானவர். அவரது நிக்கமாக்கிய அறவியலின் மூன்றாம் நூல், குடிபோதையிற் குற்றம் புரிந்தவனுக்கு இருமடங்கு தண்டனை விதித்த சட்டத்தை எடுத்துக்காட்டி அதன் நியாயத்தை விளக்குகிறது. போதையிலிருந்தவன் அறியாது செய்தான் என்பது உண்மையே. ஆயினும் அவ்வறியாமையின் தோற்றுவாய் அவனே. குடியாதிருக்க அவனால் முடிந்திருந்தது. எறிந்த கல்லை மீள அழைக்க முடியாதெனினும் எறிவதும் எறியாமையும் எறிந்தவனின் கையிலேயே இருந்தன என்பது அவர் காட்டும் உவமை.

இவ்வாதம் வலிமையுடையது. ஆயின் இருபது ஆண்டுகளாகக் குடிக்கும் ஒருவரின் வாழ்விற் கல் எறியப்பட்ட கணம் எது? நேற்றைய குவளையா? அன்றி இளமையில் ஒரு கலியாண வீட்டிற் கூட்டாளிகள் நீட்டிய முதற் குவளையா? முதற் குவளையை ஏந்திய இளைஞனுக்குத் தான் எறிவது எத்தகைய கல் என்பது தெரியாது. தெரிந்துகொண்ட காலத்தில் அது கையை விட்டுப் போய்விட்டது. அதே நூலின் ஏழாம் பாகத்தில் அரிஸ்ரோட்டிலே இச்சிக்கலை வேறொரு கோணத்தில் அணுகுகிறார். நன்மை இதுவென அறிந்தும் அதன்படி ஒழுகமாட்டாதவனை, எம்பெடோக்கிளீசின் செய்யுள்களை ஒப்புவிக்கும் போதையாளனுக்கு அவர் ஒப்பிடுகிறார். சொற்கள் வாயிலிருந்து பிழையின்றி வருகின்றன. அறிவு அவனைத் தொடுவதில்லை. மதுவின் தீமை பற்றிய அறிவுரைகள் யாவற்றையும் மதுவுக்கு அடிமையானவர் எம்மைவிடத் திறம்பட எடுத்துரைப்பார் என்பதை அவரோடு பழகியோர் அறிவர். அறிவின்மை அவருடைய குறையன்று. எனவே அறிவூட்டுதல் அதற்கு மருந்தாவதுமில்லை.

இருபதாம் நூற்றாண்டு இவ்வினாவை ஒழுக்கத்தின் களத்திலிருந்து மருத்துவத்தின் களத்துக்கு மாற்றியது. 1956 இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் மது அடிமைநிலையை நோயெனக் கருதி வைத்தியசாலைகளில் இடமளிக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. 1960 இல் வெளிவந்த ஜெலினெக்கின் நூல் நோய்க் கோட்பாட்டை விரிவாக ஆராய்ந்தது. இம்மாற்றத்தால் விளைந்த நன்மையை எவரும் மறுக்கவியலாது. சிறைக்கூடத்தில் தள்ளப்பட்டவர் கட்டிலிற் கிடத்தப்பட்டார். எனினும் மெய்யியலாளராகிய ஹேபேட் பிங்கரெற் 1988 இல் இக்கோட்பாட்டைக் கடுமையாக மறுத்தார். பெருங் குடிகாரர் எனப்படுவோரும் சூழ்நிலைக்கேற்பத் தம் குடியைக் கட்டுப்படுத்துவதுண்டு. அவர்களை நோயாளர் என்று மட்டும் கூறுவது அவர்களிடம் எஞ்சியுள்ள ஆற்றலையும் மறைத்துவிடும் என்பது அவரது வாதம்.

இவ்விரு நோக்குகளும் நேருக்கு நேர் மோதிய ஓர் இடம் ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றமாகும். டெக்சஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரில், பொதுவிடத்திற் குடிபோதையிலிருந்த குற்றத்துக்காக ஒருவருக்கு 50 டொலர் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. தாம் நாட்பட்ட மது நோயாளர். எனவே தம்மைத் தண்டிப்பது நோயைத் தண்டிப்பதாகும் என்பது அவர் தரப்பு வாதம். ‘பவல் எதிர் டெக்சஸ்’ எனப்படும் இவ்வழக்கில் 1968 இல் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் தண்டனை உறுதிசெய்யப்பட்டது. விசாரணையில் வெளிவந்த ஒரு செய்தி மனங்கொள்ளத்தக்கது. வழக்கு நடந்த நாளன்று காலையில் அவர் ஒரு முறை குடித்திருந்தார். நீதிமன்றுக்கு வரவேண்டியிருந்தமையால் அதற்கு மேற் குடிக்கவில்லை. ஒரு குவளையோடு நிறுத்த முடிந்தவரை எவ்வாறு வலுவற்றவர் என்பது? அன்றியும், அன்று காலையில் அந்த ஒரு குவளையும் இன்றி அவரால் நீதிமன்றுக்கு வர முடியாதிருந்ததெனின், அவரை எவ்வாறு சுயாதீனர் என்பது? பெரும்பான்மையோடு உடன்பட்டுத் தனித் தீர்ப்பெழுதிய நீதியரசர் வைற், குடிக்க வேண்டுமென்ற உந்துதல் அடக்கவியலாததாயின் குடித்தமைக்காகத் தண்டிப்பது பொருந்தாது என்று ஏற்கும் போக்கினர். ஆயினும் பொதுவிடத்துக்குச் செல்லாதிருக்கத் தம்மால் முடியவில்லை என்பதை இம்மனிதர் நிறுவவில்லை என்றார். தெளிவாயிருந்த வேளையில் ஒருவர் முன்கூட்டியே செய்துகொள்ளக்கூடிய ஏற்பாட்டின் மீது அவரது கவனம் சென்றது. இக்குறிப்புக்கு நாம் பின்னர் மீள்வோம்.

மேற்கூறிய நோக்குகள் யாவற்றுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. நீதிபதி, வைத்தியர், மதகுரு, உறவினர் ஆகிய எவராயினும் மேலிருந்து கீழ்நோக்கியே பேசுகின்றனர். குடித்தவர் கேட்பவராகவோ கேட்க மறுப்பவராகவோ மட்டுமே இருக்கிறார். இவ்வமைப்பை மாற்றிய நிகழ்ச்சி 1935 மே மாதத்தில் ஒகையோ மாநிலத்தின் அக்கிரன் நகரில் இடம்பெற்றது.

பில் வில்சன் என்ற நியூயோர்க் பங்குச் சந்தைத் தொழிலர் 1934 டிசெம்பரில் வைத்தியசாலையொன்றிற் சிகிச்சை பெற்றுக் குடியை விட்டிருந்தார். அதன்பின் சில மாதங்கள் பிற குடிகாரரைத் திருத்த முயன்றார், ஒருவர்கூடத் திருந்தவில்லை. ஆயின் தாம் மட்டும் குடியாதிருந்தார். வணிக முயற்சியொன்று தோல்வியுற்ற நிலையில் அக்கிரனின் மேபிளவர் விடுதியில் அவர் தனித்து நின்றார். ஒருபுறம் மதுச்சாலையின் கலகலப்பு. மறுபுறம் உள்ளூர்த் தேவாலயங்களின் விபரங்களைத் தாங்கிய அறிவிப்பும் தொலைபேசியும். அவர் தொலைபேசியை எடுத்தார். தாம் குடியாதிருக்க வேண்டுமாயின் இன்னொரு குடிகாரரோடு பேச வேண்டும் என்ற ஒரே வேண்டுகோளுடன் தேடிச் சென்ற அவ்வழி, மறுநாள் அவரை வைத்தியர் றொபேட் சிமித்திடம் சேர்த்தது. சத்திரசிகிச்சை நிபுணரான சிமித் பல்லாண்டுகளாகக் குடிக்கு அடிமைப்பட்டிருந்தவர். பதினைந்து நிமிடங்களுக்கு மேல் இருப்பதில்லை என்ற எண்ணத்துடன் வந்த அவர் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தார்.

வில்சன் அன்று அறிவுரை கூறவில்லை. தம் கதையையே கூறினார். மதுவைப் பற்றி சிமித் அறியாத செய்தி எதுவும் அக்கதையில் இருந்திருக்க முடியாது. சிமித் அன்று கண்டது, அதனை அனுபவித்தறிந்த ஒருவரை. எனினும் அந்தச் சந்திப்போடு எல்லாம் முடிந்துவிடவில்லை. சில வாரங்களின் பின்னர் வைத்திய மாநாடொன்றுக்குச் சென்ற சிமித் மீண்டும் குடித்தார். திரும்பி வந்து, சத்திரசிகிச்சைக்கு முன் நடுங்கும் கையை நிலைப்படுத்துவதற்காக வில்சன் கொடுத்த பியரே அவரது இறுதி மதுவாகும். அந்நாளாகக் கொள்ளப்படும் 1935 யூன் 10 ஐயே இயக்கம் தன் தோற்ற நாளாகக் கொண்டாடுகிறது. 1950 இல் இறக்கும்வரை சிமித் மீண்டும் குடிக்கவில்லை.

இந்நிகழ்ச்சியிற் பொதிந்துள்ள அறவியற் புதுமை யாது? உதவி செய்பவர், உதவி பெறுபவர் என்ற வழக்கமான பாகுபாடு இங்கே குலைந்துவிடுகிறது. வில்சன் சிமித்தைத் தேடிச் சென்றது முதலில் தம் பொருட்டே. சிமித் கேட்டிருந்தமையால் வில்சன் பிழைத்தார். வில்சன் பேசியமையால் சிமித் பிழைத்தார். கொடுப்பவனின் கை மேலும் ஏற்பவனின் கை கீழும் இருக்கும் ஈகை பெறுபவனைச் சற்றே சிறுமைப்படுத்திவிடுகிறது. இருவர் கையும் ஒரே மட்டத்தில் இருக்கும் இவ்வுறவில் அச்சிறுமைக்கு இடமில்லை. குடியால் ஏற்கெனவே சிறுமைப்பட்ட ஒருவருக்கு இஃது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை விளக்கவேண்டியதில்லை.

இவ்விடத்துத் திருக்குறளின் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையின் இறுதி இரு குறள்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்குதல் பயனுடையது. குடித்துக் களித்தவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீரின் அடியில் மூழ்கியவனை விளக்கேந்தித் தேடுவது போன்றது என்கிறது முதலாவது. அறிவுரை பயன்படாது என்பதை இதனினும் தெளிவாகக் கூறுவதற்கில்லை. அடுத்த குறள், தான் குடியாதிருக்கும் வேளையில் இன்னொரு குடியனைக் காண்பவன், தன் சோர்வும் இத்தகையதே என்று எண்ணிப் பார்க்கமாட்டானோ எனக் கேட்கிறது. வாதத்தின் வாயில் அடைபட்ட இடத்தில் வள்ளுவர் வேறொரு வாயிலைக் காட்டுகிறார்: தன்னை ஒத்த இன்னொருவனைக் காணுதல். ஆயின் அவர் அதனை உறுதியாகக் கூறாது வினாவாகவே விட்டுவிடுகிறார். அவ்வாறு விட்டமையிற் காரணமும் உண்டு. குடித்து வீழ்ந்து கிடப்பவனைக் காணும் குடியன் ‘நான் இவ்வளவுக்கு இல்லை’ என்று தேறிக்கொள்வதே பெரும்பான்மை. தன்னைப் போல் வீழ்ந்து, பின்னர் எழுந்து நிற்பவனைக் காணும்போது அத்தேறுதலுக்கு வழியில்லை. மீள்வோரின் கூட்டம் இக்காட்சியை வாரந்தோறும் ஒழுங்குசெய்து தருகிறது.

அக்கூட்டத்தின் நடைமுறை மிக எளியது. சில நாற்காலிகள், தேநீர், ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். வருபவர் தம் முதற்பெயரை மட்டும் கூறினாற் போதும். அதனையும் கூறாது கேட்டுக்கொண்டிருக்கலாம். அங்கத்துவத்துக்கான தகைமை ஒன்றே: குடியை நிறுத்த வேண்டுமென்ற விருப்பம். கட்டணமில்லை, செலவுக்கென இயன்றோர் இயன்றதை இடுவர். எவரும் கலந்துகொள்ளக்கூடிய திறந்த கூட்டங்களும், குடிப்பிரச்சினை உடையோருக்கு மட்டுமான மூடிய கூட்டங்களும் உண்டு. ஒருவர் பேசும்போது ஏனையோர் குறுக்கிடுவதோ அவருக்குத் தீர்ப்புக் கூறுவதோ வழக்கமில்லை. புதியவர் விரும்பினால் அனுபவமுள்ள ஒருவர் துணைவராக அமைந்து, கூட்டமில்லாத வேளையிலும் அவரது அழைப்பைக் கேட்பார். வாழ்நாள் முழுவதும் குடிப்பதில்லை என்ற சத்தியத்தை எவரும் கேட்பதில்லை. இன்று ஒரு நாளைக்குக் குடியாதிருப்பதே குறிக்கோள்.

இனி எமது வினாவுக்கு வருவோம். குவளையின் முன் தாம் வலுவற்றவர் என்று ஒப்புக்கொள்ளும் ஒருவர் எதனைத் துறக்கிறார்? பல்லாண்டுகளாகத் தாம் தோற்றுவந்த போர்க்களத்தில் மீண்டும் தனியே நின்று வெல்லலாம் என்ற எண்ணத்தைத் துறக்கிறார். பொறுப்பு அத்துடன் அழிந்துபோவதில்லை, அது இடம்பெயர்கிறது. மாலை ஆறு மணிக்கு, குவளை கையருகே இருக்கும்போது அவருக்கு வலுவில்லாதிருக்கலாம். காலை பத்து மணிக்கு வைத்தியரிடமோ அறிந்தவரிடமோ கூட்டம் எங்கே நடைபெறுகிறது எனக் கேட்கவும், தொலைபேசியைச் சுழற்றவும், ஐந்து மணிக்குப் பேருந்தில் ஏறவும் வலுவுண்டு. அந்த வலு இருக்கும் இடத்திலேயே அவரது சுயாதீனம் இருக்கிறது. சுயாதீனம் இருக்கும் இடத்திலேயே பொறுப்பும் இருக்கிறது. நீதியரசர் வைற் சுட்டிய, தெளிந்த வேளையிற் செய்யும் ஏற்பாடு என்பது இதுவே.

ஹோமரின் காவியத் தலைவனாகிய ஒடிசியசு, கேட்டோரை அழிவுக்கு இழுக்கும் சைரன்களின் பாடலைக் கடக்க நேர்ந்தபோது தன்னைப் பாய்மரத்திற் கட்டுமாறு தோழருக்குக் கட்டளையிட்டான். அவிழ்க்குமாறு தான் பின்னர் கெஞ்சினும் மேலும் இறுகக் கட்டுமாறும் கூறினான். நோர்வே நாட்டு மெய்யியலாளர் ஜோன் எல்ஸ்ரர் 1979 இல் வெளியிட்ட நூலொன்றில் இக்கதையை அடிப்படையாகக் கொண்டு, தன் வலுவின்மையை முன்னறிந்து தன்னைக் கட்டிக்கொள்பவனும் பகுத்தறிவாளனே என்று வாதிட்டார். பாடலைக் கேட்டும் அசையாது நிற்பேன் என்று மார்தட்டுபவனே பகுத்தறிவிற் குறைந்தவன். ஒடிசியசு தன்னைத் தானே கட்டிக்கொள்ளவில்லை என்பதையும் நாம் கவனித்தல் வேண்டும். கயிற்றைப் பிடிக்கத் தோழர் தேவைப்பட்டனர். தன் உறுதி என்பது தனியொருவனின் உள்ளத்துள் மட்டும் அடங்கிய பொருள் என்ற கருத்து இங்கே தகர்கிறது. எவரோடு இருப்பது எனத் தெரிவுசெய்வதும் உறுதியின் ஒரு பகுதியே.

இம்முடிவுக்கு எதிராகச் சில ஆட்சேபங்கள் எழலாம். முதலாவது, பாதிக்கப்பட்டவர் தரப்பிலிருந்து வருவது. கணவன் நோயாளி, தன்னை ஒத்தாரின் நடுவே ஆறுதல் பெறுகிறான். அடிபட்ட மனைவிக்கும், பள்ளிக்கூடக் கட்டணம் குடித்து முடிக்கப்பட்ட பிள்ளைக்கும் என்ன விடை? இவ்வாட்சேபம் புறக்கணிக்கத்தக்கதன்று. பன்னிரு படிகளுள் எட்டாவதும் ஒன்பதாவதும் இதற்கே உரியவை. தாம் தீங்கிழைத்தோர் யாவரையும் பட்டியலிட்டு, அவர்களுக்கோ பிறருக்கோ மேலும் ஊறு நேராதவிடத்து நேரிற் சென்று பரிகாரம் செய்ய வேண்டும் என அவை பணிக்கின்றன. குவளையின் முன் வலுவற்றவர் தம் கடனின் முன் வலுவற்றவராகக் கருதப்படுவதில்லை. எனினும் பரிகாரம் செய்ய முன்வருவது அவர் கடமை. மன்னிப்பதோ பாதிக்கப்பட்டவரின் உரிமை. முன்னதைக் கொண்டு பின்னதைக் கோரமுடியாது. குடும்பத்தினருக்கெனத் தனிக் கூட்டங்களை நடத்தும் அல்-அனொன் 1951 இல் தோன்றியமை, அவர்களது துன்பம் தனியே கேட்கப்பட வேண்டியது என்பதை உணர்த்துகிறது.

இரண்டாவது ஆட்சேபம் பெண்கள் தரப்பிலிருந்து எழுந்தது. மதுவிலிருந்து தாமே மீண்ட சமூகவியலாளர் ஜீன் கேர்க்பற்றிக் 1975 இல் ஐக்கிய அமெரிக்காவிற் பெண்களுக்கெனத் தனி அமைப்பொன்றை நிறுவினார். தன்முனைப்பால் வீங்கிய ஆணுக்கு வலுவின்மையை ஒப்புக்கொள்ளல் மருந்தாகலாம். வலுவில்லை என்று பிறந்த நாள் முதலாகவே சொல்லி வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு அதனையே மீண்டும் சொல்லச் செய்வது எவ்வாறு மருந்தாகும் என்பது அவர் நிலைப்பாட்டின் சாரம். இது நியாயமானது. மருந்து ஒன்றாயினும் அளவு ஒன்றாகாது. எனினும் அவரும் பெண்களைத் தனித்தனியே விட்டுவிடாது கூட்டியே அமர்த்தினார். எந்த வாசகத்தைச் சொல்லித் தொடங்குவது என்பதிற் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஒத்தாரிடையே அமர்ந்து பேசுதல் என்ற அடிப்படை மாறவில்லை.

மூன்றாவது ஆட்சேபம் சமயச் சார்பு பற்றியது. பன்னிரு படிகளிற் கடவுள் பற்றிய பேச்சு உண்டு. அவரவர் விளங்கிக்கொண்டவாறு கடவுள் என்று அது தளர்த்தப்பட்டிருப்பினும் கடவுட் கொள்கை இல்லாதவருக்கு இடர்ப்பாடே. இங்கு விருப்பத்துக்கும் வற்புறுத்தலுக்கும் இடையேயுள்ள வேறுபாடு முக்கியமாகிறது. 1996 இல் நியூயோர்க் மாநிலத்தின் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றமும், கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றமொன்றும், சிறைக்கைதிகளை இவ்வகைச் சமயச் சாயலுள்ள திட்டங்களிற் பங்குபற்றுமாறு அரசு கட்டாயப்படுத்துதல் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தன. எமது வாதமும் அதே முடிவுக்கே இட்டுச்செல்கிறது. கூட்டத்துக்குச் செல்லும் அடியிலேயே ஒருவரின் எஞ்சிய சுயாதீனம் தங்கியுள்ளதெனின், அவ்வடியை அவருக்காக வேறொருவர் எடுத்துவைப்பது அச்சுயாதீனத்தையே பறிப்பதாகும். கடவுளைக் குறியாத மாற்று அமைப்புகளும் இன்று உள்ளன. 1994 இல் இப்பெயரிற் செயற்படத் தொடங்கிய சிமாட் றிக்கவரி அவற்றுள் ஒன்று.

நான்காவதாக, இக்கூட்டங்கள் உண்மையிற் பயன்தருகின்றனவா என்று கேட்பதும் அறவியலின் பாற்பட்டதே. பயனற்றதொன்றைப் பரிந்துரைப்பது தீங்காகும். 2006 இல் வெளிவந்த கொக்றேன் மீளாய்வு உறுதியான சான்று இல்லையென்றே கூறியது. 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கிய 2020 ஆம் ஆண்டு மீளாய்வு, இக்கூட்டங்களுக்கு முறைப்படி வழிப்படுத்தும் சிகிச்சைகள், தொடர்ந்து மதுவின்றி இருத்தலைப் பொறுத்தவரை ஏனைய உளச் சிகிச்சைகளைவிடக் கூடிய பலனளித்தன எனக் கண்டது. ஓராண்டின் பின் முற்றாக மதுவின்றி இருந்தோர் ஏறத்தாழ நூற்றுக்கு 42. ஏனைய சிகிச்சைகளில் நூற்றுக்கு 35. இவ்வேறுபாடு உண்மையானது, ஆனால் அற்புதமன்று. மீளாதோர் மீண்டோரிலும் கூடுதலாகவே உள்ளனர். ஆதலின் கூட்டத்துக்குச் சென்றும் மீண்டும் குடித்தவரை மனவுறுதியற்றவர் என இகழ்வதற்கு எவருக்கும் உரிமையில்லை. நெடுங்காலம் மிகையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது வலிப்பும் சித்தப்பிரமையும் ஏற்பட்டு உயிராபத்து நேரலாம் என்பதால், வைத்தியரின் துணையும் இன்றியமையாதது. கூட்டம் வைத்தியசாலைக்கு மாற்றீடன்று.

இதுகாறும் மீள்பவரின் பொறுப்பையே நோக்கினோம். அவர் சென்று தட்ட ஒரு கதவு இல்லையெனின் அப்பொறுப்பு வெறும் சொல்லாகவே எஞ்சும். ஆகவே கதவு பற்றிய பொறுப்பு சமுதாயத்துடையது. இவ்விடத்து வரலாறு தரும் பாடம் ஒன்றுண்டு. 1840 இல் ஐக்கிய அமெரிக்காவின் பல்ரிமோர் நகரில் ஆறு குடிகாரர் ஒன்றுகூடித் தொடங்கிய வொஷிங்டோனியர் இயக்கம் சில ஆண்டுகளுள் இலட்சக்கணக்கானோரை ஈர்த்தது. மதுவிலக்கு அரசியலிலும் பிற சர்ச்சைகளிலும் சிக்கி ஏறத்தாழப் பத்தாண்டுக்குள் மறைந்தது. பின்வந்த இயக்கம், 1950 இல் ஏற்றுக்கொண்ட தன் பன்னிரு மரபுகளின் மூலம், புறவிவகாரங்களிற் கருத்துக் கூறுவதையும் புறத்தார் பணம் பெறுவதையும் தவிர்த்துக்கொண்டது. பெருஞ் செல்வரான றொக்பெல்லரிடம் தொடக்க காலத்தில் உதவி நாடியபோது, பணம் இம்முயற்சியைக் கெடுத்துவிடும் எனக் கருதிய அவர் 1938 இல் 5,000 டொலருடன் நிறுத்திக்கொண்டமையும் அறியத்தக்கது.

எமது நாட்டில் 1904 இலும் 1912 இலும் எழுந்த மதுவொழிப்பு இயக்கங்கள் தவறணைகளுக்கும் குடியேற்றவாத அரசின் மதுவரிக் கொள்கைக்கும் எதிராகப் போராடின. அவை தேசிய விழிப்புக்கு ஆற்றிய பணி பெரிது. ஆயினும் தவறணையை மூடுவது ஒரு பணி. தவறணையிலிருந்து வெளியேறி வருபவர் செல்ல ஓரிடம் அமைப்பது இன்னொரு பணி. முதலாவதைச் செய்தோம் என்பதால் இரண்டாவது தானே நிறைவேறிவிடுவதில்லை.

இரண்டாவது பணிக்கு எம்மிடையே உள்ள பெருந்தடை பணமன்று. ஊர், பகுதி, குடும்பம், இன்னாரின் மகன் என்ற விபரங்கள் யாவும் ஒருவரின் பெயரோடு ஒட்டியே வருகின்ற சமுதாயம் எம்முடையது. அத்தகைய இடத்திற் பெயர் வெளியிடாமை என்பது எளிதில் வாய்ப்பதன்று. கூட்டம் நடைபெறும் மண்டபத்தின் படியில் ஏறுபவரை வீதியில் நிற்பவர் காண்கிறார். மறுநாள் சந்தையில் அது பேச்சாகிறது. தவறணைப் படியில் ஏறுவதைவிட இப்படியில் ஏறுவதற்குக் கூடிய துணிவு தேவைப்படுமாயின், அத்தகைய சமுதாயம் குடியை எவ்வளவு கண்டித்தாலும் அதன் கண்டனத்திற் பொருளில்லை. 2020 இன் கொள்ளைநோய்க் காலத்தில் இணையவழிக் கூட்டங்கள் பெருகியமை இத்தடையை ஓரளவு தளர்த்தியுள்ளது. முகம் காட்டாது, அயலூராரோடு, தாய்மொழியிற் பேச வழி பிறந்துள்ளது. எனினும் தொழில்நுட்பம் செய்யக்கூடியது ஓரளவே. கண்டதைப் பேசாதிருத்தல் என்ற எளிய ஒழுக்கத்தை அயலாரே கடைப்பிடிக்க வேண்டும். அது குடியாதவராகிய ஏனையோருக்குரிய அறம்.

தொகுத்து நோக்குமிடத்து, குடிப்பவரைக் குற்றவாளி என்பதும் நோயாளி என்பதும் தனித்தனியே நின்று உண்மையின் ஒவ்வொரு பாதியையே பற்றுகின்றன. தம் இயலாமையை அறிந்தவர், இயலும் வேளையில் இயலுமிடத்தில் ஓரடி எடுத்துவைக்கக் கடமைப்பட்டவர். அவ்வடியை அவருக்காக எவரும் வைக்கமுடியாது. அதனைத் தனித்து வைக்குமாறு அவரை விட்டுவிடுவதும் நீதியன்று. கூட்டத்தைத் தேடிச் செல்வது அவர் பொறுப்பு. தேடும்போது அகப்படுவதற்கு ஒரு கூட்டம் இருப்பதும், அதனுள் நுழைபவர் அவமானமின்றி வெளிவருவதும் எம் அனைவரின் பொறுப்பு. முதலாவது நிறைவேறவில்லை என்று முறையிடுமுன் இரண்டாவதை நாம் நிறைவேற்றியுள்ளோமா என்று கேட்பதே முறையாகும்.